ஒற்றை ரிசீவர் பிறந்த கதை

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு. 2013 ஜூலை 1, இரவு 11.41 மணிக்கு அங்கிருந்து எழும்பிய பி.எஸ்.எல்.வி. சி-22 ராக்கெட், ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ என்ற செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. இடங்காட்டும் பணிக்காக இந்தியா சொந்தமாகச் செய்த செயற்கைக்கோள்களில் அதுதான் மூத்தது. 2016 ஏப்ரலில் ஏழாவதும் மேலே போய்ச் சேர்ந்த பின் அந்தக் குடும்பத்துக்கு நாவிக் என்று பெயரிட்டார்கள். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். அன்றைக்குத் தொழில் கிடையாது; படகுகள் கரையேறி நிற்கும். அந்த வகையில், நாவிக்கின் ஒவ்வொரு செயற்கைக்கோளோடும் இந்தக் குப்பங்களின் உழைப்பு நாள் ஒன்றும் சேர்ந்தே மேலே போயிருக்கிறது.

இந்த ஏரியில் இடம் என்பது சோற்றுக் கணக்கு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாட்டுமுறை இருந்துவருகிறது. இறால் விழும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, யார் எந்த நாள் எந்தப் பாட்டில் வலை வைப்பது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். ஏரியின் குறுக்கே தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் எல்லை ஓடுகிறது. தண்ணீரில் கோடு தெரியாததால் இரு பக்கத்து மீனவர்களுக்கும் பலமுறை தகராறு மூண்டிருக்கிறது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல்நீர் வரத்து நின்று இறாலும் மீனும் குறைந்துபோகும். படகும் வெளியே போக முடியாது. ஏரியின் சராசரி ஆழமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அப்படிப்பட்ட நீர்நிலையில் ஒரு சாண் மணல் ஏறினாலும் ஊரின் பிழைப்பில் தெரியும்.

கைப்பேசி காட்டும் இடத்தில் நான்கைந்து மீட்டர் முன்பின் இருக்கும். போட்ட வலையைத் தேடிப் போவதற்கு அது தாராளமாகப் போதும். மணல் ஒரு சாண் ஏறியதா என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. செயற்கைக்கோளை வைத்துக் கிடைமட்டத்தைவிட உயரத்தை அளப்பது எப்போதுமே கடினம் என்பதால் உயரத்தில் பிழை இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இந்த மீட்டர்களைச் சென்டிமீட்டர்களாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் துணைக்கு வேறு கருவி எதுவும் வேண்டாம். கரையில் ஒரே ஒரு ரிசீவரை நட்டு வைத்தால் போதும். அதற்குத் துல்லியப் புள்ளி நிலையறிதல் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உலகம் முழுக்கப் பி.பி.பி. என்கிறார்கள். அது பிறந்த கதை சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் நெருக்கமானது.

இரண்டு வழிகள்

பூமியில் ஓர் இடத்தைக் கணக்கிட ஆதிமுதல் இரண்டே வழிகள். இடம் தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து தூரத்தையும் கோணத்தையும் அளந்துகொண்டே போவது முதல் வழி. வானத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுவது இரண்டாவது வழி.

இரண்டுக்கும் சென்னையே சாட்சி. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கத் தொடங்கினார். அது முதல் வழி. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1792இல், நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்திருந்தது. அங்கே ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் நிலாக்கள் கிரகணத்தில் மறையும் நேரத்தைக் குறித்து வைத்து, அதைக் கொண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அது இரண்டாம் வழி.

வானத்தில் உள்ள பொருள் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்ற அட்டவணை கையில் இருந்து, நல்ல கடிகாரமும் இருந்தால், ஒற்றை ஆள் தனியாக நின்று தன் இடத்தைக் கண்டுகொள்ளலாம். அட்டவணையும் கடிகாரமும் எவ்வளவு சரியோ அவ்வளவுக்குத்தான் விடையும் சரியாக இருக்கும். சென்னையின் தீர்க்கரேகையை அன்றைக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் பிசகாகக் கணித்திருந்தார்கள். இந்திய நிலவரைபடங்கள் அந்தச் சென்னைப் புள்ளியை நம்பியே வரையப்பட்டதால் நாடு முழுவதும் அதே அளவு தள்ளி விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்தப் பிழை தொடர்ந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடைத்தூரம் சரியாகவே இருந்தது. நாடு பூமியின்மேல் இருக்கும் இடம்தான் பிசகியிருந்தது. முதல் வழியின் பலமும் பலவீனமும் இதில் ஒருசேரத் தெரிகின்றன. ஆரம்பப் புள்ளி தப்பினால், அதைப் பார்த்து அளந்த அத்தனையும் தப்பும்.

ஸ்புட்னிக் தந்த திறவுகோல்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளைஞர்கள் அதன் ஒலியைப் பிடித்துக் கேட்டார்கள். செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவெண் சற்று உயர்கிறது, விலகும்போது தாழ்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்தே ஸ்புட்னிக்கின் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். மறு ஆண்டு அவர்களுடைய மேலாளர் ஃபிராங்க் மெக்லூர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். நாம் நிற்கும் இடம் தெரிந்து செயற்கைக்கோளின் இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், செயற்கைக்கோளின் இடம் தெரிந்து நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது டிரான்சிட் அமைப்பு. 1964 முதல் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தியது.

1976இல் ரிச்சர்ட் ஆண்டர்ல் என்ற அமெரிக்கக் கடற்படை அறிவியலாளர் இன்னொரு படி மேலே போனார். செயற்கைக்கோள் தானே ஒலிபரப்பும் பாதை விவரம் முன்கூட்டிக் கணித்தது என்பதால் அதில் பிழை இருக்கும். அதை விட்டுவிட்டு, பல தரை நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு, நடந்து முடிந்த பாதையைப் பிற்பாடு துல்லியமாகக் கணக்கிட்டு, அந்தப் பாதையை மாறாத உண்மையாக வைத்துக்கொண்டு ஒற்றை ரிசீவரின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றார். பி.பி.பி.யின் வித்து அதுதான். கோல்டிங்ஹாமின் அட்டவணை புதிய உருவில் வந்துவிட்டது.

அலையை எண்ணும் வித்தை

ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் மேலே போனது. அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தைக் குறியீடாக அனுப்பும். அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது நம் ரிசீவர். கைப்பேசிக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் குறியீட்டால்தான். மீட்டர் கணக்கில் பிழை வருவதற்கும் அதுவே காரணம்.

குறியீட்டைச் சுமந்துவரும் ரேடியோ அலை அதைவிட நுட்பமான அளவுகோல். ஜி.பி.எஸ்.ஸின் முதன்மை அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கைக்கூட ரிசீவரால் பிரித்தறிய முடியும். அதாவது இரண்டு மில்லிமீட்டர். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையே மொத்தம் எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்பது தெரியாது. மில்லிமீட்டர் கோடுகள் பளிச்சென்று தெரிய, மீட்டர் எண்கள் மட்டும் அழிந்துபோன அளவுநாடா போன்றது அது.

இந்தப் புதிரை முதலில் அவிழ்த்தவர்கள் லாம்டனின் வழியில் போனார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சார்லஸ் கவுன்சல்மேன், இர்வின் ஷபீரோ போன்றவர்கள் இரண்டு ரிசீவர்களை இரண்டு இடங்களில் வைத்து, ஒன்றின் அளவை மற்றதிலிருந்து கழித்தார்கள். இரண்டுக்கும் பொதுவான பிழைகள் கழிந்துபோயின. செயற்கைக்கோளின் கடிகாரப் பிழை மறைந்தது; பாதைப் பிழையும் காற்றுமண்டலப் பிழையும் பெரும்பாலும் ஒழிந்தன. 1982இல் வெளிவந்த மேக்ரோமீட்டர் என்ற கருவி இந்த முறையில் சென்டிமீட்டருக்கும் கீழான துல்லியத்தைக் காட்டியது. இன்று நம் ஊர்களில் நில அளவைக்காரர்கள் ஆர்.டி.கே. என்று சொல்வது இதன் வாரிசுதான். இந்திய நில அளவைத் துறை இதற்காகவே நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர நிலையங்களை நிறுவியிருக்கிறது.

நிலத்தில் இந்த ஏற்பாடு அருமையாக நடக்கும். கடலுக்குள் போனால் பக்கத்தில் நிலையத்துக்கு எங்கே போவது? கரையிலிருந்து விலக விலக இரண்டு இடங்களின் பிழையும் ஒன்றுபோல் இராது. கழித்தாலும் மிச்சம் நிற்கும்.

கணினியின் பாரம் குறைக்கப் பிறந்த முறை

1994 ஜனவரியில் சர்வதேச ஜி.பி.எஸ். சேவை முறையாகத் தொடங்கியது. சுருக்கமாக ஐ.ஜி.எஸ். பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, தங்கள் ரிசீவர்களின் பதிவுகளை ஒருவருக்கொருவர் விலையில்லாமல் கொடுத்துக்கொண்டன. அவற்றைக் கொண்டு கணித்த துல்லியச் சுற்றுப்பாதைகளையும் கடிகாரத் திருத்தங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள நிலையம் 1990களின் நடுவிலிருந்தே அந்தக் கூட்டத்தில் ஒன்று.

கூட்டம் பெருகப் பெருக ஒரு நெருக்கடி வந்தது. கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் நிலநடுக்க ஆய்வுக்காக நூற்றுக்கணக்கில் புதிய நிலையங்கள் முளைத்தன. எல்லா ரிசீவர்களின் பதிவுகளையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கணக்கிட்டால், கணினியின் வேலை நிலையங்களின் எண்ணிக்கையின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். நிலையங்கள் 50இலிருந்து 500 ஆனால் வேலை பத்து மடங்கு கூடாது. ஆயிரம் மடங்கு கூடும். அன்றைய கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜே.எஃப். ஜம்பர்க், ஹெஃப்லின், ஜெஃபர்சன், வாட்கின்ஸ், வெப் ஆகிய ஐவர் கண்ட தீர்வு 1997இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. உலகெங்கும் பரவிய சில நிலையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள்களின் பாதைகளையும் கடிகாரங்களையும் முதலில் கணித்துவிடுவது; பிறகு அந்த விடையை மாற்றாமல் வைத்துக்கொண்டு மீதமுள்ள ஒவ்வொரு ரிசீவரையும் தனித்தனியாகக் கணக்கிடுவது. இப்போது நிலையங்கள் பத்து மடங்கு பெருகினால் வேலையும் பத்து மடங்கே பெருகும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த பதிவிலிருந்து கிடைமட்டத்தில் மில்லிமீட்டர் அளவுக்கும், உயரத்தில் சென்டிமீட்டர் அளவுக்கும் விடை கிடைத்தது.

அந்த ஐவரும் கணினி நேரத்தை மிச்சப்படுத்தவே இறங்கினார்கள். ரிசீவருக்குத் துணையே வேண்டாம் என்ற விடுதலை அதன் பலனாக வந்தது. இனி எந்தத் தீவிலும், எந்தப் படகிலும், எந்த ஏரிக்கரையிலும் ஒற்றை ரிசீவர் போதும்.

1997இல் ஜி.பி.எஸ். முழுச் சுதந்திரமாகவும் இல்லை. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சைகையை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைகூடப் பிழை வரும். கலக்கியது பெரும்பாலும் கடிகாரத்தை. ஜம்பர்க் குழுவின் முறை அந்தக் கடிகாரப் பிழையையே அளந்து நீக்கிவிடுவதால் அவர்களுடைய விடை கெடவில்லை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படமும் நிறுத்தப்பட்டது. 2001இல் கனடாவின் யான் கூபா, பியேர் எரூ இருவரும் ஐ.ஜி.எஸ். திருத்தங்களைக் கொண்டு யார் வேண்டுமானாலும் இந்தக் கணக்கைச் செய்யும் விதத்தைத் தெளிவாக எழுதி வெளியிட்டார்கள். 2003 முதல் கனடா அரசின் இயற்கை வளத் துறை இதை இணையத்தில் இலவசச் சேவையாகவே நடத்துகிறது. ரிசீவரின் பதிவை அனுப்பினால் இடத்தைக் கணித்து அனுப்பிவிடுகிறார்கள்.

பழவேற்காட்டில் நட்டால்

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின்மேல் அப்படி ஒரு ரிசீவரை நிறுத்தினால் அது எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பார்ப்போம். பக்கத்தில் கழித்துக்கொள்ள வேறு ரிசீவர் இல்லாததால் ஒவ்வொரு பிழையையும் நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும்.

முதலாவது கடிகாரம். ஒரு வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு சென்டிமீட்டர் சரியாக வேண்டுமென்றால் செயற்கைக்கோளின் கடிகாரத்தை ஒரு வினாடியின் 3,000 கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அறிந்திருக்க வேண்டும். இந்தக் கடிகாரங்களின் அருமையை இந்தியா வலியோடு கற்றது. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏவில் இருந்த மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளிலேயே செயலிழந்தன. அதன் இடத்தில் வைக்க 2017 ஆகஸ்ட் 31 அன்று ஏவப்பட்ட 1ஹெச், ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாததால் வீணானது. 2018 ஏப்ரலில் 1ஐ போய்ச் சேர்ந்தது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்.-01இல் இந்தியா தானே செய்த ருபீடியம் கடிகாரம் இருந்தது. வெளிநாட்டுக் கடிகாரத்தை நம்பியிருந்த நிலையிலிருந்து நாடு மீளத் தொடங்கிய நாள் அது.

அடுத்தது அயனி மண்டலம். அலை அதன் வழியே வரும்போது தாமதமாகும். தாமதம் அலைவெண்ணுக்கு அலைவெண் மாறுவதால், இரண்டு அலைவெண்களில் கேட்டு ஒப்பிட்டால் அதை நீக்கிவிடலாம். பி.பி.பி.க்கு இரட்டை அலைவெண் ரிசீவர் தேவைப்படுவது இதனால்தான். தென்னிந்தியாவுக்கு இதில் தனிச் சோதனை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் பொழுது சாய்ந்த பின் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பி அலையைச் சிதறடிக்கும். ரிசீவரின் அலைக்கணக்கு அறுந்துபோய் மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ண வேண்டிவரும்.

அதற்கும் கீழே நாம் மூச்சுவிடும் காற்று. நேர்மேலே இருக்கும் செயற்கைக்கோளின் அலையைக்கூட அது ஏறக்குறைய 2.4 மீட்டர் தாமதப்படுத்தும். அதில் பெரும்பகுதியைக் காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடலாம். ஈரக்காற்றின் பங்கு கடலோரத்தில் 30, 40 சென்டிமீட்டர் வரை இருக்கும். மணிக்கு மணி மாறவும் செய்யும். அதை ரிசீவரே தன் அளவுகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சுமையும் பிற்பாடு வரமானது. ரிசீவரின் தலைக்குமேல் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று தெரிந்துவிடுவதால், இந்திய வானிலை ஆய்வுத் துறை அத்தகைய ரிசீவர்களின் வலையமைப்பையே வைத்திருக்கிறது.

தரையும் நிலையாக நிற்பதில்லை. நிலவும் சூரியனும் கடலை மட்டும் இழுக்கவில்லை. கெட்டியான நிலத்தையும் இழுக்கின்றன. நாம் நிற்கும் தரை நாளொன்றில் 30 சென்டிமீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்கும். சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. வானத்தைப் பார்த்து அளக்கும் ரிசீவருக்குத் தெரியும். இதோடு இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு அளந்த இடம் இன்று ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போயிருக்கும். ஆகவே பி.பி.பி. தரும் ஒவ்வொரு விடையோடும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும்.

எல்லாக் கணக்கும் முடிந்து உயரம் வரும்போது புதிதாக அளப்பவர் திகைத்துப்போவார். கடலோர மணலில் நிற்கும் ரிசீவர், தான் எண்பது மீட்டருக்கும் மேல் கீழே இருப்பதாகக் காட்டும். கருவியில் கோளாறு ஏதுமில்லை. பூமிக்கு நாம் வகுத்துக்கொண்ட சீரான நீள்கோளப் பரப்பிலிருந்து அது உயரத்தை அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புவிசை குறைந்த பெரும் பகுதி இருக்கிறது. அங்கே கடல்மட்டமே அந்த நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் கீழே போய்விடுகிறது. அந்தத் தாழ்வின் விளிம்பு நம் கரைவரை நீள்கிறது. நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிய வேண்டுமானால் ஈர்ப்புக் கணக்கைச் சேர்த்து, ரிசீவர் சொன்ன உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றியாக வேண்டும்.

இத்தனையும் தீர 20 நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆகும். செயற்கைக்கோள்கள் நகர்ந்து கோணம் மாறினால்தான் அலை எண்ணிக்கையும் காற்றின் தாமதமும் பிரிந்து தெரியும். பி.பி.பி.யின் பெரிய குறை இந்தக் காத்திருப்புதான். அதைக் குறைக்கவே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் உழைத்துவருகிறார்கள்.

தனியாக அளப்பதன் அருமை

2004 டிசம்பர் 26, காலை 6.28க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. சுனாமி தமிழகக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. பழவேற்காட்டுக் குப்பங்களிலும் கடல் புகுந்தது. இரண்டரை மணி நேரம் கையில் இருந்தும் முறையான எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அன்று வந்த முதல் நிலநடுக்க மதிப்பீடுகள் 8 என்ற அளவைச் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். உண்மை அளவு 9ஐத் தாண்டியது என்று பின்னர்தான் தெரிந்தது. மிகப் பெரிய நடுக்கங்களில் நடுக்கமானி அலைகளை மட்டும் கொண்டு உடனே அளவு சொல்வது கடினம்.

அன்றைக்குத் தரை நகர்ந்த தூரமே உண்மையைச் சொல்லியிருக்கும். போர்ட் பிளேர் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கிரேட் நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. தொலைவில் இருந்த பெங்களூரு நிலையம்கூடச் சென்டிமீட்டர் அளவுக்குக் கிழக்கே இழுபட்டது. 2006இல் அறிவியலாளர் ஜெஃப்ரி பிளூவிட்டும் அவருடைய குழுவினரும் அன்றைய ஜி.பி.எஸ். பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டு, நடுக்கம் தொடங்கிய 15 நிமிடங்களுக்குள் உண்மை அளவைச் சொல்லியிருக்கலாம் என்று காட்டினார்கள். அது வெறும் கல்விக் கணக்காகக் கடந்துபோகக் கூடியதாக எனக்குப் படவில்லை. அந்த 15 நிமிடத்துக்குப் பிறகும் நம் கரைக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

தனியாக அளப்பதன் அருமை இங்கேதான் விளங்குகிறது. பெரிய நிலநடுக்கத்தில் பக்கத்து நிலையமும் சேர்ந்தே நகர்ந்துவிடும். அதைப் பார்த்து அளந்தால் நகர்வு குறைவாகவே தெரியும். செயற்கைக்கோளை மட்டும் பார்த்து அளக்கும் ரிசீவருக்கு அந்தக் குழப்பம் கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் சேவை நிறுவனத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. அந்தமான் நிகோபார் தீவுகளில் அது செயற்கைக்கோள் ரிசீவர்களையும் நிறுவியிருக்கிறது.

இனி நம் கையில்

முதலில் ஒரு நாள் பதிவைச் சேர்த்துப் பிற்பாடு கணக்குப் போட்ட முறை, பிறகு உடனுக்குடன் விடை சொல்லக் கற்றுக்கொண்டது. கடலில் எண்ணெய் தேடும் கப்பல்களும், தானே ஓடும் டிராக்டர்களை வைத்திருந்த பெரும் பண்ணைகளும் சந்தா கட்டி அதை வாங்கின. திருத்தங்கள் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக அவர்களுக்கு வந்தன. 2023 ஜனவரி 24 அன்று ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு அந்தத் திருத்தங்களைத் தன் செயற்கைக்கோள்களிலிருந்தே இலவசமாக அனுப்பத் தொடங்கியது. கிடைமட்டத்தில் 20 சென்டிமீட்டர் அதன் இலக்கு. இரட்டை அலைவெண் சில்லு 2018இலேயே கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஜப்பானின் தகாசு தொமோஜி எழுதிய ஆர்.டி.கே.லிப் மென்பொருளை எவரும் காசில்லாமல் எடுத்துப் பி.பி.பி. கணக்குப் போடலாம்.

நாவிக்கின் அடுத்த கட்டம் இதைப் போலவே கடலோர மக்களுக்குத் திறந்து விட்ட துல்லியச் சேவையாக இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. பழவேற்காட்டுக்கு அருகே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. முகத்துவாரம் மூடாமல் இருக்க அரசு தூண்டில் வளைவுப் பணிகளை மேற்கொண்டிருக்கிறது. அந்த வளைவின் கற்களுக்கு இரு பக்கமும் மணல் எங்கே சேர்கிறது, எங்கே அரிக்கிறது, ஏரியின் தரை எத்தனை சென்டிமீட்டர் மேடேறுகிறது என்பதை மாணவர்களும் குப்பத்து இளைஞர்களும் சேர்ந்து, ஒரே ஒரு ரிசீவரைக் கொண்டு, பருவத்துக்குப் பருவம் அளக்கலாம். அளந்த எண்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் நோட்டில் தேதியோடு ஏற வேண்டும்.

முகத்துவாரம் தூர்ந்துவிட்டது என்று மீனவர்கள் காலங்காலமாகச் சொல்லி மனுக் கொடுத்துவருகிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டு சொன்னது உண்மைதான். அலுவலக மேசையில் அதற்கு எடை இல்லாமல் போனது. இனி அதே உண்மையைப் பத்து ஆண்டு உயரக் கணக்கோடு முன்வைக்கலாம். அதற்கு வேண்டிய பாதை விவரமும் கடிகாரத் திருத்தமும் பொதுவில் கிடைக்கின்றன. பல நாட்டு நிலையங்கள் விலை பேசாமல் தங்கள் பதிவுகளைக் கொடுத்ததால் வந்த வசதி அது. அந்தப் பொதுச் சொத்தில் பழவேற்காட்டுக்கும் உரிய பங்கு இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவது ஏரியை நம்பி வாழும் ஊர்களின் உரிமை.